அந்த எட்டு விநாடி

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் ஒரு பையன் காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகுகிறான். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அவன் கையில் கட்டியிருக்கும் ஜிபிஎஸ் வாட்ச் 6 நிமிடம் 56 விநாடி என்று காட்டவும் தேறிவிட்டோம் என்றே நம்பியிருந்தான். ஒருநாள் 400 மீட்டர் டிராக்குக்குக் கூட்டிப்போய் மூன்றே முக்கால் சுற்று ஓடவிட்டேன். 7 நிமிடம் 4 விநாடி. முகம் வாடிவிட்டது. "இன்னாண்ணா, வாட்ச்சு பொய் சொல்லுதா?" என்றான்.

வாட்ச் நேரத்தைச் சரியாகத்தான் காட்டியது. பிசகியது தூரத்தில். 1500 என்று அது காட்டியபோது அவன் ஓடியிருந்தது 1470 மீட்டர்தான். வெறும் இரண்டு சதவீதப் பிழை. ஆனால் அவன் வேகத்தில் அந்த 30 மீட்டரைக் கடக்க எட்டு விநாடிக்கு மேல் ஆகும்.

அவன் தினமும் ஓடுவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மெட்ரோ மேம்பாலத்துக்கு அடியில். கோளாறு தொடங்குவது அங்கேதான்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது' என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. நேர் மேலே இருக்கும் கோளின் அலை நம்மை எட்ட 0.067 விநாடி ஆகும். அந்தப் பயண நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கித்தான் வாட்ச் தூரத்தை அறிகிறது. நேரக் கணக்கில் ஒரு மைக்ரோ விநாடி தவறினால் தூரத்தில் 300 மீட்டர் தவறும். கோள்களில் அணுக் கடிகாரம் இருக்கிறது. நம் மணிக்கட்டில் இருப்பதோ சாதாரணக் குவார்ட்ஸ். அதனால்தான் இடத்தைக் கணிக்க மூன்று கோள்களும், வாட்ச்சின் சொந்த நேரப்பிழையைக் கண்டுபிடிக்க நான்காவதாக ஒன்றும் தேவைப்படுகின்றன. ஐன்ஸ்டீனின் சார்பியல்படி அந்த அணுக் கடிகாரங்கள் தரையில் இருப்பவற்றைவிட நாளுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடும். அதையும் திருத்தியே அனுப்புகிறார்கள். எண்ணூர் சாலையில் ஓடுகிறவர் கையில் சார்பியல் வேலை செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

மேம்பாலத்துக்கு அடியில் உச்சி வானம் மறைந்துவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து வரும் அலைகளிலும் சில கட்டடச் சுவரிலும் தூணிலும் மோதி, சுற்றிக்கொண்டு வந்து சேர்கின்றன. வழி நீண்டதால் கோள் இன்னும் தள்ளி இருப்பதாக வாட்ச் எண்ணிக்கொள்கிறது. நம்மை எதிர்ச்சாரிக்குத் தூக்கிப் போடுகிறது. இப்படி இடமும் வலமுமாக இழுத்த கோணல் கோட்டை அளந்தால், நேராக ஓடிய தூரத்தைவிட அது நீளமாகத்தானே வரும்? பையனுக்குக் கூடுதலாகக் கிடைத்த 30 மீட்டர் அப்படி வந்தது.

இங்கேதான் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் பிடிக்கும் 'டூயல் பேண்ட்' வாட்ச்சுக்குப் பொருள் இருக்கிறது. பாலத்தடியில் நின்று "டேஏஏய்" என்று இழுத்துக் கத்தினால் குரலும் எதிரொலியும் குழம்பிவிடும். சட்டென்று ஒருமுறை கைதட்டினால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். பழைய எல்1 அலையில் வரும் குறியீட்டின் ஒரு துணுக்கு ஏறக்குறைய 293 மீட்டர் நீளம். அது இழுத்த குரல். எல்5 அலையில் துணுக்கு 29 மீட்டர்தான், அது கைதட்டல். நேராக வந்தது எது, மோதி வந்தது எது என்று பிரித்தறிவது இதில் எளிது. பெட்டியில் 'ஐந்து செயற்கைக்கோள் அமைப்புகள்' என்று போட்டிருப்பதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கோள்களின் எண்ணிக்கை வேறு, பேண்ட் வேறு.

ஆகவே, ஓடும் சாலையில் நின்று அண்ணாந்து பாருங்கள். பாதையின் பெரும்பகுதி மெட்ரோவுக்கு அடியிலோ சௌகார்பேட்டைச் சந்துகளிலோ போகிறதென்றால் டூயல் பேண்டுக்குக் கொடுக்கும் காசு தகும். பேட்டரி சீக்கிரம் தீரும், பரவாயில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலோரமாக ஓடுகிறவருக்குக் கிழக்கே வானம் முழுசாகத் திறந்திருக்கிறது. சாதாரண வாட்ச்சே போதும். அங்கே வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் இரும்புச் சுவரை மட்டும் ஒட்டி ஓடாதீர்கள். பாட்டுக்கும் பணம் செலுத்தும் வசதிக்கும் கூடுதல் விலை கொடுப்பது ஓட்டத்துக்கு உதவாது.

எந்த வாட்ச்சிலும் அந்தந்த நொடியில் காட்டும் வேகத்தை அதிகம் நம்ப வேண்டாம். ஆறு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஓடுகிறவர் விநாடிக்கு 2.8 மீட்டர்தான் நகர்கிறார். இடப்பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கலாம். லேப் வேகத்தை, அதாவது ஒரு சுற்று முழுவதன் சராசரியைப் பாருங்கள். நாடித்துடிப்பும் அப்படித்தான். தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தைப் பச்சை ஒளியால் பார்க்கும் சென்சார், வார் தளர்ந்திருந்தால் காலடி எண்ணிக்கையையே துடிப்பாக எடுத்துக்கொள்ளும். துல்லியம் வேண்டுமென்றால் மார்புப் பட்டை.

பையனைப் புது வாட்ச் வாங்கச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும்போதே வாட்ச்சைப் போனோடு இணைத்துக் கோள்களின் பாதைத் தகவலை இறக்கிக்கொள்ளவும், தெருவில் சிக்னல் பிடித்த பிறகு அரை நிமிடம் நின்று ஓடவும் சொன்னேன். கடலோரச் சாலைக்கு மாறிவிட்டான். வாரம் ஒருநாள் டிராக்கில், உள்கோட்டில், லேப் பொத்தானை அவனே அழுத்துகிறான்.