மை கொட்டிய தாளில் ஓவியம் எழும் விதம்

தாளில் மை கொட்டியதும் கை துணியைத் தேடும். துடைத்தால் தாள் போச்சு. ஈரத்தில் ஊறிய நார்கள் அழுத்தம் பட்டதும் பிய்ந்து எழும்பும். அந்த இடம் பிறகு பூசும் வண்ணத்தை அளவுக்கு மீறிக் குடித்து, கடைசிவரை அழுக்காகவே தெரியும். டிஷ்யூ பேப்பரைத் திரிபோல முறுக்கி, தேங்கிய மையின் நடுவில் நுனியை மட்டும் தொட வையுங்கள். மேலே நிற்கும் மை தானாகத் திரியில் ஏறிவிடும். விளிம்பைத் தொட வேண்டாம், அது பின்னால் தேவைப்படும்.

அடுத்து மையின் வகை. ஃபவுண்டன் பேனா மை பெரும்பாலும் நீரில் கரையும் சாயம். காய்ந்த பிறகும் ஈரத் தூரிகை பட்டால் இளகும். இந்தியன் இங்க் என்பது கரித்துகள். அரக்கு சேர்ந்த வகை காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது, சில நிமிடங்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். சந்தேகம் இருந்தால் வேறு தாளில் ஒரு புள்ளி வைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்.

மை பரவுவது நார்களுக்கு இடையிலுள்ள நுண்புழைகள் வழியாக. அந்த வேகம் சீராக இருக்காது. 1921-இல் அமெரிக்க வேதியியலாளர் வாஷ்பர்ன் தந்த சமன்பாட்டின்படி, கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: முதல் நொடியில் 1 செ.மீ. போனால், 2 செ.மீ. எட்ட 4 நொடி, 3 செ.மீ. எட்ட 9 நொடி. அதனால் தொடக்க நொடிகளில்தான் கறை வேகமாக விரியும். நீர்வண்ணத் தாளில் ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருப்பதால் மை சற்று நேரம் மேலேயே நிற்கும். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாள் என்றால் நிதானமாக வேலை செய்யலாம். மெல்லிய நோட்டுத் தாள் நெளிந்து, மை பள்ளங்களில் தேங்கிவிடும்.

காய்ந்த கறையின் ஓரம் நடுப்பகுதியைவிடக் கருத்திருப்பதற்கும் காரணம் உண்டு. விளிம்பில் நீர் வேகமாக ஆவியாகிறது. விளிம்போ தாளைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. இழப்பை ஈடுகட்ட உள்ளிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, வண்ணத்தையும் இழுத்துச் சென்று அங்கேயே விட்டுவிடுகிறது. சிந்திய காபி வளையமாகக் காய்வதும் இப்படித்தான். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் இதை விளக்கினார்கள். எந்த ஓரம் கூர்மையாக நிற்க வேண்டும், எது கரைய வேண்டும் என்று முடிவெடுப்பதே இங்கே பாதி ஓவியம்.

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற ஓவியர் வேண்டுமென்றே மையைத் தீற்றி, அதன்மேல் ஒளிபுகும் தாளை விரித்து நிலக்காட்சிகளை வரையக் கற்றுக்கொடுத்தார். கரையும் மை என்றால் இன்றும் அதுவே நல்ல வழி. கறை காய்ந்ததும் டிரேசிங் தாளைப் போட்டு, பக்கத்தைத் திருப்பித் திருப்பி மூன்று நான்கு வடிவங்களை வரைந்து பாருங்கள்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலக்கறுப்புக் கறை. அடர்ந்த பக்கத்தை மேலே வைத்தால் மழைமேகம். அதன் கீழ் ஓரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு அங்குலத் தட்டைத் தூரிகையால் 3 செ.மீ. அகலத்துக்குச் சுத்தமான நீர் பூசுங்கள். பிறகு அந்த ஈரத்தை ஓரத்தோடு ஒரே ஒரு இடத்தில் இணையுங்கள். தாளை வைத்திருக்கும் பலகையை 20 பாகை சாய்த்தால் மை மழைக்கால்களாக இறங்கும். கறுப்பு மை பல சாயங்களின் கலவையாக இருந்தால், தாளைக் குறைவாகப் பற்றும் சாயம் முன்னே ஓடும். எதிர்பாராமல் ஒரு நீலமோ ஊதாவோ பிரிந்து வரும். பள்ளிக்கூடத்து வண்ணப்பிரிகைச் சோதனையில் பார்த்தது இதையேதான்.

இந்த நேரத்தில் தாளின் பளபளப்பைக் கவனியுங்கள். கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருக்கும்வரை நீர் சேர்க்கலாம். மினுக்கம் மங்கி ஈரம் மட்டும் மிஞ்சியபோது ஒரு துளி விழுந்தாலும், அது பாதி காய்ந்த வண்ணத்தை வெளியே தள்ளி, காலிஃபிளவர் போன்ற பற்கள் வைத்த கறையை உண்டாக்கும். மேகத்தில் அது அழகு, வானத்தில் கெடுதல்.

சாயத்தின்மேல் வெள்ளை போஸ்டர் கலர் வைத்தால் அதிலுள்ள நீர் சாயத்தை இளக்கி, வெள்ளை நீலமாகிவிடும். வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தாளின் வெண்மையாகவே விட்டுவைப்பது நல்லது. பிளீச்சிங் திரவம் பல சாயங்களின் நிறத்தை அழிக்கும், தாளின் நாரையும் சேர்த்தே அரிக்கும். கரி மையை அது ஒன்றும் செய்யாது.

இன்னொன்று: சாய மைகள் பல வெயிலில் வெளுத்துப்போகும். மிகக் கருமையான பகுதிகள் காய்ந்தபின் அவற்றின்மேல் நிறமி (நீரில் கரையாத வண்ணத்துகள்) கலந்த நீர்வண்ணத்தை ஒரே வீச்சில் பூசிவிடுங்கள். காய்ந்த அன்றே படத்தை ஸ்கேன் செய்துவைத்து, ஜன்னலுக்கு எதிரில்லாத சுவரில் மாட்டுங்கள்.