சாம்பார் ஊற்றிய அட்டைப்பெட்டி எங்கே போய் மட்கும்?

உணவகங்களுக்குப் பார்சல் பெட்டி தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் பலர் விலையைக் கேட்பதற்கு முன்பே, "சோளத்தில் செய்த பூச்சு போட்ட பெட்டி இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். சாப்பிட்டு முடித்த பிறகு அந்தப் பெட்டி எங்கே போகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

வெறும் அட்டை சாம்பாரைத் தாங்காது. எண்ணெயும் நீரும் ஊறாமல் தடுக்க உட்புறம் மெல்லிய படலம் வேண்டும். வழக்கமாக அது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். டீக்கடைக் காகிதக் குவளை ஒன்றைக் கிழித்து இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் தேய்த்தால் காகிதம் கூழாகக் கழன்றுவிடும், கண்ணாடித் தாள் போன்ற ஒன்று விரலில் மிஞ்சும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டின் தடைப்பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தட்டும் இருப்பது இந்தத் தாளால்தான். (தடைக்குப் பிறகும் அவை எங்கும் புழங்குவது வேறு கதை.)

சோளப் பூச்சை ஊறப்போட்டாலும் இதே போன்ற தாள்தான் மிஞ்சும். அதன் பெயர் பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாகப் பி.எல்.ஏ. சோள மாவுச்சத்திலோ கரும்புச் சர்க்கரையிலோ இருந்து வரும் லாக்டிக் அமிலத்தைக் கோத்துச் செய்தது. தடவிப் பார்த்து இது எது என்று சொல்ல என்னாலும் முடியாது. அதனால் விற்பவரிடம், இது மட்கும் பிளாஸ்டிக் என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைக் கேளுங்கள். பெட்டியில் அச்சிட்ட பச்சை இலைப் படம் சான்றிதழ் ஆகாது.

சான்றிதழ் இருந்தாலும் அது எதற்கான சான்று என்று பார்க்க வேண்டும். மட்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ்.ஓ. 17088 என்ற பன்னாட்டுத் தரநிலையின் சோதனை சுமார் 58 டிகிரி வெப்பத்தில், ஈரமும் காற்றும் நுண்ணுயிர்களும் நிறைந்த உரக்குவியலில் நடக்கிறது. வீட்டுத் தோட்டத்துக் குழியில் அந்தச் சூடு நிலைப்பதில்லை. சாக்கடையிலோ ஏரியிலோ விழுந்தால் பி.எல்.ஏ. ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். 2023-இல் சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பி.எல்.ஏ. பூசிய குவளைகளை ஊறவைத்த நீர் பூச்சிப் புழுக்களைப் பாதித்ததாகக் கண்டார்கள்.

வெயிலும் இதற்கு ஆகாது. 55 முதல் 60 டிகிரியில் பி.எல்.ஏ. இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடிய வேனில் அடுக்கிய பெட்டித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். நீராவியையும் பாலிஎத்திலீன் அளவுக்கு இது தடுக்காது. சுடச்சுடப் பிரியாணியை அடைத்துவைத்தால் அட்டை நமத்துத் தளரும். பாக்டீரியாக்கள் தமக்குள் சேர்த்துவைக்கும் பி.எச்.ஏ. என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக், மண்ணிலும் கடல்நீரிலும்கூடச் சிதையக்கூடியது. விலைதான் இன்னும் கைக்கு எட்டவில்லை.

வடைக்கும் தோசைக்கும் பூச்சே தேவையில்லை, பூச்சில்லாத அட்டைக்குள் வாழையிலை நறுக்கு ஒன்று போதும். குழம்பு வகைக்கு வீட்டிலிருந்து தூக்கு கொண்டுவருபவருக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுங்கள். பி.எல்.ஏ. பெட்டியை நான் பரிந்துரைப்பது கல்லூரி விடுதி, அலுவலகக் கேன்டீன் போன்ற இடங்களுக்குத்தான். அங்கே குப்பை ஒரே வாசல் வழியாக வெளியேறும், அதனால் பெட்டிகளைப் பிரித்து, குப்பையை மட்கவைக்கும் உர ஆலைக்கு அனுப்ப முடியும். அங்கும் கொள்முதலுக்கு முன் உர ஆலைக்காரரிடம் பேசிவிடுங்கள். எது பாலிஎத்திலீன், எது பி.எல்.ஏ. என்று அவருக்கும் தெரியாது. பளபளக்கும் அட்டை எதைக் கண்டாலும் பொறுக்கி எறியச் சொல்லியிருந்தால், நீங்கள் கூடுதலாகக் கொடுத்த காசும் அதோடு குப்பைக் கிடங்குக்குத்தான் போகும்.