ஓரிரு மில்லிமீட்டர் பல்லை வைத்து விலங்குக்குக் குடும்பம் தேடுவது எப்படி?

ஹைதராபாத் பக்கத்தில் நஸ்கல் என்று ஓர் ஊர். தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவிய காலத்தில், இரண்டு அடுக்குகளுக்கு இடையே படிந்த வண்டல் அங்கே கிடக்கிறது, வயது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள். அதில் கிடைத்த பற்களை வைத்துத்தான் புதைபடிவ ஆய்வாளர்கள் ஜி.வி.ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988-இல் டெக்கனோலெஸ்டெஸ் ஹிஸ்லோபி என்ற பிராணிக்குப் பெயர் வைத்தார்கள். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேஷியஸைச் சேர்ந்த பாலூட்டி இந்தியாவில் கிடைத்தது அதுதான் முதல் முறை. மூஞ்சூறு அளவுதான் இருந்திருக்கும்.

மண்டை ஓடு கிடையாது. இவ்வளவு சின்ன எலும்பு நொறுங்கிவிடும், எனாமல் கிட்டத்தட்ட முழுக்கத் தாது என்பதால் பல் தப்பிக்கும். அதையும் தரையில் பார்த்துப் பொறுக்க முடியாது. மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, காயவைத்து, மிஞ்சியதை நுண்ணோக்கிக்குக் கீழே துளித்துளியாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கான வேலை இல்லை.

சரி, பல் கிடைத்தாயிற்று, அப்புறம்? கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பில்தான் விஷயமே இருக்கிறது. மேல்பல்லில் மூன்று முக்கியமான கூம்புகள் முக்கோணமாக நிற்கும், அவற்றில் உட்பக்கத்துக் கூம்பு கீழ்ப்பல்லின் பின்பாதிக் குழியில் உரலில் உலக்கை மாதிரி இறங்கும். இது கங்காரு மாதிரிப் பைப்பாலூட்டிகளுக்கும் நம் வகைக்கும் பொது. பைப்பாலூட்டி என்றால் கீழ்ப்பல்லின் பின்விளிம்பில், நாக்குப் பக்கமாக, இரண்டு கூம்புகள் நெருங்கி ஜோடியாக நிற்கும். டெக்கனோலெஸ்டெஸ் அந்தப் பக்கம் சேரவில்லை. அளவும் உதவும், ஏனென்றால் முளைத்த கடைவாய்ப் பல் அதற்குமேல் வளராது; ஆனால் அது முதல் கடைவாய்ப் பல்லா மூன்றாவதா என்று முதலில் தீர்மானிக்காவிட்டால் ஒரே விலங்கை இரண்டு சிற்றினமாக்கிவிடுவோம். 1994-இல் பெரிய பற்களுக்கு ரோபஸ்டஸ் என்று தனிச் சிற்றினம் வந்தது.

குடும்பம்தான் சிக்கல். முதலில் பேலியோரிக்டிட் என்ற, அழிந்துபோன குடும்பம் என்றார்கள். பிறகு மொராக்கோவில் கிடைத்த ஆஃப்ரோடான் என்ற பழங்காலப் பிராணியோடு ஒப்பிட்டு, அடாபிசோரிகுலிட் என்ற இன்னோர் அழிந்த குடும்பம் என்றார்கள். 2010-இல் முழங்கை எலும்பைப் பார்த்தவர்கள் குரங்கினத்தின் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம் என்றார்கள், 2011 ஆய்வோ இன்றைய நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் எதுவும் தோன்றுவதற்கு முன்பே பிரிந்த கிளை என்றது. பூச்சி தின்னும் சின்னப் பிராணிகளின் பற்கள், உறவே இல்லாவிட்டாலும், ஒரே சாயலுக்கு வந்துவிடுவதுதான் காரணம். எலும்பை நம்பலாமே என்றால், அதுவும் பல்லோடு ஒட்டிக் கிடைத்ததில்லை. அளவு பொருந்துகிறது என்றுதான் அதை இந்த விலங்கின் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.