அட்சார்ப்ஷன்: உறிஞ்சுவதா, பற்றுவதா?

பத்தமடையில் பாய்க்கான கோரையைச் சாயத்தில் முக்கி எடுத்ததும் கலங்கிய வண்ணத் தண்ணீர் மிஞ்சும். அது வாய்க்காலில் கலந்தால் வெயில் நீருக்குள் இறங்காது. அதில் சிரட்டையிலிருந்து செய்த கிளர்வூட்டிய கரியை (உள்ளே நுண்துளைகள் திறக்கும்படி பக்குவப்படுத்திய கரி) கலக்கி வடிகட்டினால் நிறம் பெருமளவு போய்விடும். (மற்ற ஊர்க்காரர்கள் கொட்டாங்குச்சி என்பதைத்தான் நாம் சிரட்டை என்கிறோம்.) கரி சாயத்தை 'உறிஞ்சிவிட்டது' என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை.

வடை எண்ணெய் குடிப்பது உறிஞ்சுதல். எண்ணெய் உள்ளே இறங்கிவிடுகிறது. அது அப்சார்ப்ஷன். கரியில் நடப்பது அட்சார்ப்ஷன். சாய மூலக்கூறு கரியின் பரப்பில் ஒட்டி நிற்கிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் வேர், 'உறிஞ்சு' எனப் பொருள்படும் லத்தீன் சொல். முன்னொட்டில்தான் வேறுபாடு. 'அட்' என்றால் ஒன்றை நோக்கி, அதனிடத்தில். 1881இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் அட்சார்ப்ஷன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கரி நிறம் நீக்கும் என்பதை 1785இலேயே வேதியியலாளர் லோவிட்ஸ் கண்டிருந்தார்.

பரப்பில்தான் ஒட்டுகிறது என்றால் இத்தனை சாயத்துக்கு இடம் ஏது? சிரட்டையைக் காற்றில்லாமல் கரியாக்கி, 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தினால் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரியின் உட்சுவர்களை விரித்தால் 1000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட், கால் ஏக்கர் வயல்! நெல் உமியிலும் செய்யலாம்; ஆனால் அதில் சிலிக்கா மிகுதி, சாம்பல் கூடும்.

பாடநூல்கள் இதைப் பரப்புக் கவர்தல் என்கின்றன. பிழையில்லாத சொல். ஆனாலும் எனக்குப் 'புறப்பற்று' என்பதே பிடித்திருக்கிறது. சோறு ஒட்டிய பாத்திரத்தைப் பத்துப் பாத்திரம் என்கிறோமே, அந்தப் பத்து 'பற்று'தான். தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் போடுவதும் பற்றுதான். இரண்டிலும் பொருள் மேலே ஒட்டுகிறது, உள்ளே கரைவதில்லை. அட்சார்ப்ஷனும் அதேதான். நம் அடுக்களையிலேயே இருந்த சொல் இது.

இன்னொரு உண்மையையும் இந்தச் சொல் மறைக்காது. பற்றிய சாயம் அழிவதில்லை, கரியிலேயே இருக்கிறது. இடம் நிரம்பியதும் கரி வேலை செய்யாது. அப்புறம் அதைச் சூளையில் சூடேற்றிப் புதுப்பிக்க வேண்டும், அல்லது பாதுகாப்பாக எரிக்க வேண்டும். ஆற்றங்கரையில் கொட்டிவிடக் கூடாது.