ஒரு மூட்டை யூரியாவுக்கு எத்தனை வண்டி எரு?

ஐம்பது கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. 46 சதவீதம் என்று மூட்டையின் மேலேயே அச்சடித்திருக்கும். அதே 23 கிலோவைக் கூட்டெருவாகப் போட வேண்டுமென்றால்? சாதாரண எருவில் நைட்ரஜன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. ஒன்று என்றே வைத்துக்கொண்டால் 2,300 கிலோ எரு வேண்டும். ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கிற மூட்டைக்குப் பதிலாக டிராக்டர் பெட்டி நிறைய எரு.

இந்தக் கணக்கைப் போட பத்தாம் வகுப்புப் படிப்பு போதும். ஆனால் 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது, இதைப் போட்டுக் காட்டியவர்களின் பேச்சு எடுபடவில்லை. 2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச பத்து வருடத்தில் சேதனப் பசளைக்கு, அதாவது எரு போன்ற இயற்கை உரத்துக்கு, மாறுவோம் என்றுதான் சொல்லியிருந்தார். தடை வந்தபோது, நாட்டின் முக்கிய நெல் பருவமான பெரும்போகத்தின் விதைப்புக்கு ஐந்து மாதம்தான் இருந்தது.

நாடு முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீர்ப்பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 100 கிலோ நைட்ரஜன் தேவை. எருவாகப் போட்டால் 10 டன், அதாவது ஹெக்டேருக்கு ஒரு லாரி. பெரும்போகத்தில் ஏறக்குறைய ஏழரை லட்சம் ஹெக்டேரில் நெல் விதைக்கிறார்கள். ஏழரை லட்சம் லாரி எருவை ஐந்து மாதத்தில் யார் மக்க வைப்பது, எந்த மாட்டிடம் வாங்குவது?

இதுகூடத் தாராளமான கணக்குதான். எருவில் இருக்கும் நைட்ரஜன் உடனே பயிருக்குக் கிடைத்துவிடாது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் நெல் அதைத் தொட முடியாததைப் போலத்தான் இதுவும். வேர் உறிஞ்சுவது அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும்தான். அது யூரியாவிலிருந்து வந்ததா சாணத்திலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. யூரியா மண்ணில் விழுந்த சில நாட்களில் அம்மோனியமாகிவிடும். எருவிலோ அது புரதங்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. நுண்ணுயிர்கள் மெதுவாகத் தின்று, மிச்சத்தை விட்டால்தான் பயிருக்கு. முதல் போகத்தில் அதில் ஒரு பகுதிதான் வெளியே வரும்.

அப்புறம், அரைகுறையாக மக்கிய வைக்கோலைப் போட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும். வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு அறுபது பங்குக்கு மேல் கார்பன். அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கே நைட்ரஜன் போதாது. அதனால் மண்ணில் இருப்பதையும் அவை எடுத்துக்கொள்ளும். உரம் போட்ட வயல் பட்டினி கிடக்கும். இதை இலையில் பார்க்கலாம். நைட்ரஜன் பற்றாத பயிர் பழைய இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுக்கும். ஆகவே அடியிலைதான் முதலில் மஞ்சளாகும்.

தொழு எருவில் விளைந்த அந்தக் காலம் பொய்யா? பொய்யில்லை. ஆனால் அன்றைய நெல் வேறு. உயரமாக வளரும், நிறையத் தீனி போட்டால் சாய்ந்துவிடும். இன்று இலங்கை வயல்களில் இருப்பவை பெரும்பாலும் பத்தலகொட போன்ற ஆராய்ச்சி நிலையங்களில் உருவான குட்டை ரகங்கள். நிறையப் பசளையை வாங்கி நெல்லாக மாற்றுவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ரகம் அப்படியே இருக்க, தீனியை மட்டும் நிறுத்தினார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று படித்தவர்களைக் கிண்டல் செய்ய நம்மிடம் ஒரு பழமொழி எப்போதும் கைவசம் இருக்கிறது. இங்கே ஏட்டுச் சுரைக்காயாக இருந்தது கொள்கைதான். வயலில் நின்றவர்களும் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களும் ஒன்றையேதான் சொன்னார்கள். வெரிட்டே ரிசர்ச் என்ற கொழும்பு ஆய்வு நிறுவனம் அந்த ஜூலையில் கேட்டபோது, பெரும்பாலான விவசாயிகள் மாற்றத்தை எதிர்க்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் வேண்டும் என்றார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே போன்றவர்களும் விளைச்சல் விழும் என்று எச்சரித்தார்கள். மாரம்பேயை விவசாய அமைச்சின் பொறுப்புகளிலிருந்து நீக்கினார்கள்.

இதை வெறும் படிப்பு வெறுப்பு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. படித்தவர்களின் ஆட்சி என்று பெருமை பேசிய அரசு அது. சேதனப் பசளைக்காக உரக்கப் பேசியவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். வட மத்திய மாகாண விவசாயிகளை 1990களிலிருந்து வாட்டும் சிறுநீரக நோய்க்கு எது காரணம் என்று அறிவியலால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த இடைவெளியில் பசளைமீது சந்தேகம் ஊறியது நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிறுநீரகத்தை அறிந்தவருக்கு ஒரு ஹெக்டேரின் நைட்ரஜன் கணக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பியதுதான் சறுக்கல். நல்லதா கெட்டதா என்று யாரும் கருத்துச் சொல்லலாம். எவ்வளவு, எத்தனை நாளில் என்று கேட்டால்தான் அந்தத் துறையில் ஊறியவர் யார் என்று தெரியும். டாலர் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டதால், அப்போது அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் பயிருக்கு ஆகாத பாக்டீரியா இருப்பதாகத் தாவரத் தடுப்புக்காப்பு ஆய்வுக்கூடம் சொன்னது. சரக்கு இறங்கவில்லை. கடைசியில் 69 லட்சம் டாலரை மட்டும் கொடுத்துத் தீர்த்தார்கள்.

நவம்பர் பிற்பகுதியில் தடையை நீக்கினார்கள். அதற்குள் உலகச் சந்தையில் யூரியா விலை எங்கேயோ போயிருந்தது. பல இடங்களில் விதைப்பும் முடிந்திருந்தது. நெல் தூர் கட்டுவது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடுவது, முதல் சில வாரங்களில். எத்தனை கதிர் வரும் என்பதைப் பெரும்பாலும் அந்த வாரங்களே முடிவு செய்கின்றன. அது தாண்டியபின் யூரியா போட்டால் இலை பச்சையாகும், தவறிய தூர் திரும்ப வராது. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.