மார்கழிப் புல்லும் குதிரையின் வயிறும்

மழை விட்டதும் மாதவரம், புழல் பக்கம் காலி மனையெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும். மாதக்கணக்கில் வைக்கோலும் கொள்ளும் தின்ற குதிரையை அங்கே கொண்டுபோய்க் கட்ட யாருக்கும் ஆசை வரும். வியாசர்பாடியில் சாரட்டுக் குதிரை வைத்திருக்கும் ஒருவர், தை முகூர்த்தத்துக்குள் தேற்றிவிடலாம் என்று அப்படித்தான் கட்டினார். இரண்டு நாள், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. மூன்றாம் நாள் காலை போன்: "டாக்டரம்மா, அடி எடுத்து வைக்க மாட்டேங்குது. வயித்து வலின்னு நெனச்சு தெருவுல நடத்திப் பாத்தேன்."

போய்ப் பார்த்தால் முன்னங்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கிறது. குளம்பு சுடுகிறது. கணுக்காலில் விரல் வைத்தால் நாடி துள்ளுகிறது. குளம்பு அழற்சி. இதில் நடக்க நடக்க, எலும்பையும் குளம்பையும் ஒட்டிவைத்திருக்கும் சதையடுக்கு இன்னும் பிய்யும். பாவம், அவருக்கு அது தெரியாது. காசிமேட்டிலிருந்து மீனுக்குப் போடும் ஐஸை வரவழைத்து, இரண்டு நாள் அதன் கால்களை ஐஸ் தண்ணீரிலேயே வைத்திருந்தோம். கால் பிழைத்தது. ஆனால் அந்தத் தை முழுக்க அது சாரட்டில் பூட்டப்படவில்லை.

மாட்டுக்கு இருப்பதுபோல் குதிரைக்கு அசைபோடும் வயிறு கிடையாது. நாரைச் செரிப்பது பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். வைக்கோலுக்குப் பழகிய அவற்றின் மேல் சர்க்கரையும் மாவுச்சத்தும் உள்ள இளம்புல் திடீரென்று குவிந்தால் உள்ளே புளித்து அமிலம் ஏறும். அதன் கேடு ரத்தம் வழியாகக் குளம்புவரை போகும். வாயு சேர்ந்து வயிற்று வலியும் வரலாம். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

அதனால் முதல் நாள் 15 நிமிடம் போதும். தினமும் 15 நிமிடம் கூட்டிக்கொண்டே போய், இரண்டு மூன்று வாரத்தில் முழுநேர மேய்ச்சலுக்கு வாருங்கள். போகும் முன் வைக்கோல் போட்டுவிடுங்கள், பசியோடு போனால் அள்ளி விழுங்கும். வெயில் ஏற ஏறப் புல்லில் சர்க்கரை கூடும் என்பதால் அதிகாலைதான் நல்லது. பச்சை கூடும்போது கொள்ளைக் குறையுங்கள். பிடரி மேட்டில் கொழுப்பு திரண்ட குதிரைக்கும், ஒருமுறை இந்த நோய் வந்த குதிரைக்கும் இந்தக் கணக்குகூட அதிகம். அவற்றை என்னைப் போன்ற ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு மேய விடுங்கள்.

லத்தி இளகினால் அன்றைக்குப் புல் வேண்டாம். திரும்பும்போது தயங்கினாலோ, குளம்பு சுட்டாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை கால் ஐஸ் தண்ணீரில் இருக்கட்டும். நடத்தாதீர்கள்.