ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது, நிறுத்த வேண்டியதும் இல்லை

"காலையில இருந்து ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடுத்துக்கிட்டேதான் இருந்தேன் டாக்டரம்மா. நிக்கவே இல்ல. அதான் மத்தியானத்தோட விட்டுட்டேன்."

இந்த மாதத்தில் இதைச் சொன்ன மூன்றாவது தாய் இவர். ஏலத்தோட்ட வேலைக்காக மலையில் தங்கியிருக்கும் குடும்பம். பத்து மாத ஆண் குழந்தை. தடுப்பூசி அட்டையில் போன மாத எடை 8.2 கிலோ என்று இருந்தது. அன்று ராத்திரி என் தராசில் 7.4. உச்சிக்குழி பள்ளமாக விழுந்து, கண் உள்ளே போய், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நின்றது. அழுதால் கண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அழவும் தெம்பில்லை. நரம்பு கிடைக்காமல் கால் எலும்பில் ஊசி இறக்கித்தான் திரவம் ஏற்றினோம். பிழைத்துக்கொண்டான். சிறுநீர் ஒழுங்காக வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அந்தப் பெண் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் இடையில் நடந்ததைக் கேட்டேன். தெரிந்தவர் சொன்னார் என்று, வயிற்றில் சிக்கியதை வெளியே எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியமான தொக்கம் எடுக்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பிறகு மருந்துக்கடையில் 'நிறுத்துற மருந்து' கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு ஜீப்பில் ஒன்றரை மணி நேரப் பயணம். அந்த நேரம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. வண்டியில் வாந்தி எடுத்துவிடுவான் என்ற பயம்.

இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகளைப் பார்க்கிறேன். பேதியால் குழந்தை இறப்பது குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'நிக்கல, அதனால விட்டுட்டேன்' என்ற பேச்சு மட்டும் குறையவில்லை. அதனால் இதை ஒருமுறை முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பேதியை நிறுத்தும் மருந்து அல்ல. அந்த வேலைக்காக அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. குடத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று வையுங்கள். ஓட்டையை உடம்பு தானே அடைத்துக்கொள்ளும். குடலின் உள்தோல் சில நாளில் புதிதாக வளர்ந்துவிடும், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு நாளில் சரியாகிவிடும். அதுவரை குடம் காலியாகாமல் மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுவதுதான் ஓ.ஆர்.எஸ். ஊற்ற ஊற்ற ஒழுகத்தான் செய்யும். ஒழுகுகிறதே என்று ஊற்றுவதை நிறுத்தினால் குடம் காலி.

ஆகவே 'எத்தனை தடவை போனான்' என்பதை வைத்து ஓ.ஆர்.எஸ். வேலை செய்கிறதா என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போகிற குழந்தை சிரித்து விளையாடி, ஒழுங்காக ஒன்றுக்குப் போனால் ஓ.ஆர்.எஸ். ஜெயித்துக்கொண்டிருக்கிறது. நாலே தடவை போன குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் துவண்டு கிடந்தால் ஆபத்து. பார்க்க வேண்டியது சிறுநீர், கண், நாக்கின் ஈரம், குழந்தையின் சுறுசுறுப்பு. டயப்பரை எண்ணி எனக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து தம்ளரைக் கீழே வைக்காதீர்கள்.

இந்த உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீருக்குப் பின்னால் எத்தனை வருட ஆராய்ச்சி இருக்கிறது என்று தெரிந்தால் 'வெறும் ஓ.ஆர்.எஸ். தானா' என்ற வார்த்தை வாயில் வராது. சர்க்கரை துணைக்கு இருந்தால் குடல் உப்பை வேகமாக உள்ளே இழுக்கும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும் என்பது 1960களில் தெளிவானது. 1968இல் டாக்காவில் காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாகவே கொடுத்துப் பார்த்து நிரூபித்தார்கள். 1971இல் வங்கதேசப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்தபோது காலரா பிடித்துக்கொண்டது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. கொல்கத்தாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, பெரிய டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் கூட இருந்தவர்களிடமே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். முப்பது சதவீதம் வரை போயிருந்த இறப்பு, அவர் பார்த்துக்கொண்டவர்களில் 3.6 சதவீதமாக இறங்கியது. குடிக்க வைத்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள், அக்காக்கள், பாட்டிகள். நர்ஸ் பயிற்சி எதுவும் இல்லாதவர்கள். இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978இல் லான்செட் இதழ் எழுதியது. மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

பழைய பாக்கெட்டில் சோடியம் கொஞ்சம் அதிகம். அதைக் குறைத்தால் என்ன ஆகும் என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 675 குழந்தைகளிடம் பரிசோதித்து 2001இல் வெளியிட்டார்கள். பாதியில் ஊசி வழியாகத் திரவம் ஏற்ற வேண்டி வந்த குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். இன்று உங்கள் கையில் இருப்பது அந்தப் புதிய கலவை. லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். இந்த அளவு தராசில் நிறுத்து, குழந்தைகளிடம் பார்த்துப் பார்த்து வந்தது. இதில் உங்கள் கைப்பக்குவத்தைக் காட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏன் கெஞ்சுகிறேன் என்றால், போன வருடம் ஒரு குழந்தை வலிப்போடு வந்தது. லிட்டர் பாக்கெட்டை அப்படியே ஒரு பால் பாட்டிலில் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள். 'கெட்டியா குடுத்தா சீக்கிரம் நிக்கும்' என்று. 200 மில்லியில் ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு, கிட்டத்தட்ட கடல் தண்ணீர். ரத்தத்தில் உப்பு ஏறித்தான் வலிப்பு. சுமார் 21 கிராம் பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். சுமார் 4 கிராம் சின்ன பாக்கெட் என்றால் 200 மில்லி. பாக்கெட்டின் மேலேயே எழுதியிருக்கிறது, படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள், வெட்கம் வேண்டாம். கடையில் வாங்கிய காலி லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்துக்கொண்டால் அளவுக்கு அதுவே போதும். காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரையுங்கள். பாதி இன்று பாதி நாளை என்பது வேண்டாம். கரைத்த பிறகு கொதிக்க வைக்காதீர்கள். சர்க்கரை, பால், ஜூஸ் எதையும் சேர்க்காதீர்கள். 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வரும் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு பெட்டியைப் படித்துப் பார்த்தேன். 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை. அசல் கலவையில் 1.35 கிராம்தான். அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காக வருடக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இத்தகைய பானங்களின் பெயரில் அந்த மூன்று எழுத்தையும் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. கடையில் கேட்கும்போது 'உலக சுகாதார நிறுவனக் கலவை, பவுடர் பாக்கெட்' என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது தொக்கம். வயிற்றில் சோறோ, முடியோ, இறைச்சித் துண்டோ சிக்கிக்கொண்டது என்றும், ஊதியோ உறிஞ்சியோ வெளியே எடுத்துவிட்டேன் என்றும் சொல்கிறார்கள். பத்து நாளைக்கு முன்னால் சாப்பிட்டது குழந்தையின் இரைப்பையில் உட்கார்ந்திருக்காது. குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தடவித் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதும் இதே வகைதான். பேதியில் துவண்ட குழந்தைக்கு வாந்தி புரையேறி நுரையீரலுக்குள் போனால் அதைச் சமாளிப்பது எங்களுக்கே கஷ்டம். அதற்குள் கையை விட்டுப் போகும் இரண்டு மூன்று மணி நேரம் இன்னும் மோசம். உங்கள் பாட்டி உங்களை இப்படித்தான் வளர்த்தார் என்று தெரியும். அந்தப் பாட்டியின் எத்தனை பிள்ளைகள் பேதியில் போனார்கள் என்றும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

கடையில் வாங்கும் 'நிறுத்துற மருந்து' இதைவிட ஆபத்து. அப்படி விற்கும் லோபெராமைடு குடலின் அசைவைப் பிடித்து நிறுத்திவிடும். வெளியே வராதது உள்ளேயே தேங்கி வயிறு உப்பும், வெளியே பேதி நின்றது போலத் தெரியும். பாகிஸ்தானில் குழந்தைகள் இறந்த பிறகு 1990இல் அதன் சொட்டு மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். கைக்குழந்தைக்கு ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் கேட்பவர்களுக்கு: பேதியில் ரத்தம் இல்லாத வரை, காலரா சந்தேகம் இல்லாத வரை பெரும்பாலும் தேவையில்லை. ஏழு நாடுகளில் 8,266 சின்னக் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்தும் போலி மருந்து கொடுத்தும் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. நீர்ப்பேதி வந்தவர்களிலேயே உடல் வற்றியவர்கள், மெலிந்தவர்கள் என்று ஆபத்து கூடிய குழந்தைகள் அவர்கள். ஆறு மாதத்தில் நிகழ்ந்த இறப்புகளில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

என் தொழில்காரர்கள் மீதும் குற்றம் உண்டு. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தனியார் மருத்துவம் பார்ப்பவர்களிடம், 'இரண்டு வயசுக் குழந்தைக்குப் பேதி' என்று பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2024இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஓ.ஆர்.எஸ். எழுதாததற்குக் கையில் சரக்கு இல்லாததும், வேறு மருந்து விற்றால் வரும் லாபமும் சிறிய காரணங்களே. பெரிய காரணம், 'வந்தவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பிடிக்காது, அவர்கள் அதற்காக வரவில்லை' என்று எழுதுபவர்களே நினைத்துக்கொண்டது. வந்தவர் வாயைத் திறந்து ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று காட்டிக்கொண்டபோது, எழுதிக்கொடுப்பது 27 சதவீதப் புள்ளிகள் கூடியது. எனவே யாரிடம் போனாலும் கேளுங்கள். 'ஓ.ஆர்.எஸ்.ஸும் துத்தநாக மருந்தும் எழுதிக் குடுங்க' என்று கேட்டால் எந்த மருத்துவருக்கும் கோபம் வரக் கூடாது. வந்தால் அது அவர் பிரச்சினை.

துத்தநாகம் என்றால் ஜிங்க். இது எல்லா வீட்டிலும் விட்டுப்போகிறது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில், பேதி வந்த குழந்தைகளில் 61 சதவீதத்தினருக்கு ஓ.ஆர்.எஸ். கிடைத்திருக்கிறது, ஜிங்க் கிடைத்தவர்கள் 31 சதவீதம்கூட இல்லை. டெல்லியில் 937 குழந்தைகளிடம் நடந்து 1995இல் வெளியான ஆய்வுதான் பேதி சீக்கிரம் முடிய இது உதவுகிறது என்று பலமாகக் காட்டியது. பதினான்கு நாள் கொடுக்க வேண்டும். பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் பதினான்கு நாள்தான். ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10 என்பது நம் நாட்டு வழக்கம். மருந்து கொடுத்ததும் வாந்தி எடுத்தால் நீங்களே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் பார்த்ததில் குறைந்த அளவுகளும் ஏறக்குறைய அதே பலன் தந்தன, வாந்தியும் குறைந்தது என்று 2020இல் வந்துவிட்டது. அளவைக் குறைக்கலாமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

ஒரு விஷயம் எனக்குத் தாங்க முடியாதது. குழந்தைக்குப் பேதி என்றதும் அம்மாவின் தட்டைப் பார்க்கிறார்கள். 'நீ என்னத்தத் தின்ன, பால் சேரல' என்று அவளுக்குப் பத்தியம், குழந்தைக்குத் தாய்ப்பால் நிறுத்தம். அந்த ஏலத்தோட்டத்துப் பெண்ணும் இரண்டு நாளாக ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டிருந்தாள். அவள் சாப்பிட்ட குழம்பால் இந்தப் பேதி வரவில்லை. சின்னக் குழந்தைகளின் நீர்ப்பேதிக்கு முக்கியக் காரணம் ரோட்டா போன்ற வைரஸ்கள், அழுக்குத் தண்ணீர், கழுவாத கை, கழுவாத பால் பாட்டில். தாய்ப்பால் ஒரு வேளைகூட நிற்கக் கூடாது. அம்மா வழக்கம்போல வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு உப்புப் போட்ட கஞ்சி, இட்லி, பருப்பு சாதம், தயிர் சாதம், வாழைப்பழம் கொடுங்கள். 'வயித்தக் காயப் போடுறது' பேதிக்கு வைத்தியம் இல்லை.

ரோட்டா வைரஸுக்கு அரசுத் திட்டத்திலேயே 6, 10, 14 வாரங்களில் சொட்டு மருந்து இலவசம். நம் நாட்டிலேயே உருவான தடுப்பு மருந்து ஒன்றை டெல்லி, புனே, வேலூர் குழந்தைகள் 6,799 பேரிடம் பரிசோதித்து 2014இல் முடிவு வந்தது. தீவிரப் பேதியைப் பாதிக்கு மேல் தடுத்தது. முழுசாகத் தடுக்காது என்பதற்காகத் தவறவிடாதீர்கள்.

கொடுக்கும் முறை இதுதான். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200. பாட்டில் வேண்டாம், பாலாடையோ ஸ்பூனோ போதும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மறுபடி தொடங்குங்கள். தாகத்தில் மடமடவென்று குடிக்க விட்டால்தான் வாந்தி வரும். பாக்கெட் அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு பாக்கெட் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். மலையில் இருப்பவர்கள் நாலு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை குடிக்க மறுத்தால், குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனால், பேதியில் ரத்தம் தெரிந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால், எழுப்பியும் சோர்ந்தே கிடந்தால், வலிப்பு வந்தால், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால், யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். விழுங்கும் நினைவு இருக்கிற குழந்தை என்றால் கரைத்த ஓ.ஆர்.எஸ். பாட்டிலையும் ஸ்பூனையும் மடியில் வைத்துக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். வழியெல்லாம் ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். வண்டியில் வாந்தி எடுத்தால் எடுக்கட்டும், துடைத்துக்கொள்ளலாம்.